பணம் கட்டியாயிற்று, பொருள் உண்மையிலேயே தயாராகிறதா?

கூட்டு நிதிக் கருவிகள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

இன்னும் செய்து முடிக்காத ஒரு கருவியைப் படமாகவும் காணொளியாகவும் இணையத்தில் காட்டி, விரும்புகிறவர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டி, அந்தப் பணத்தைக் கொண்டே தயாரித்து அனுப்பும் முறைக்கு கிரவுட் ஃபண்டிங் என்று பெயர். கூட்டு நிதி என்றும் சொல்கிறோம். 2009-ல் தொடங்கிய அமெரிக்கத் தளமான கிக்ஸ்டார்ட்டரும், அதற்கு ஓராண்டு முன்பே வந்த இண்டிகோகோவும் இதில் பெரியவை. கைக்கடிகாரம், ட்ரோன், கேமரா, ஹெட்போன் என்று அங்கே வரும் கருவிகளுக்கு இந்தியாவில் இருந்தும் பலர் கார்டு மூலம் பணம் கட்டுகிறார்கள்.

பணம் கட்டிய சில மாதங்களில் சொன்ன தேதி கடந்துபோகும். ‘உற்பத்தி மும்முரமாக நடக்கிறது’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். இரண்டு மாதம் கழித்து ‘சிறிய தாமதம்’ என்று இன்னொன்று. அப்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது: இந்தப் பொருள் எங்காவது உண்மையிலேயே தயாராகிறதா? வாய்விட்டுக் கேட்டால், பணம் போட்ட மற்றவர்களே ‘அவநம்பிக்கையைப் பரப்பாதீர்கள்’ என்று அடக்குவதும் உண்டு. கேட்பதில் தவறே இல்லை. பணம் கொடுத்தவருக்கு வேறு பாதுகாப்பு அநேகமாக இல்லாத இடம் இது. ஆனால், கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். ‘ஏமாற்றுகிறார்களா?’ என்று கேட்டால் கோபமான மறுப்புதான் வரும். ‘வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அதற்கு என்ன சான்று?’ என்று கேட்டால், உண்மையாக வேலை செய்கிறவர்களால் பதில் சொல்ல முடியும்.

பணம் கட்டிவிட்டேன். பொருளை வாங்கிவிட்டதாகத்தானே அர்த்தம்?

இல்லை. 2012 செப்டம்பரில் கிக்ஸ்டார்ட்டரே ‘இது கடை அல்ல’ என்று தலைப்பிட்டு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நீங்கள் அங்கே கொடுப்பது ஒரு திட்டத்துக்கான ஆதரவுத் தொகை. திட்டம் நிறைவேறினால் அதன் பலனாகப் பொருள் வரும். நிறுவனத்தில் பங்கும் கிடையாது, கடை ரசீதுக்கு உள்ள உரிமையும் கிடையாது. திரட்டிய தொகையில் 5 சதவீதத்தைத் தளம் தன் கட்டணமாக எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணமும் போக, மீதி திட்டத்தை நடத்துபவரின் கைக்குப் போகிறது.

அதற்காக அவருக்குக் கடமையே இல்லை என்று ஆகிவிடாது. திட்டத்தை முடித்துப் பொருளை அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் என்ன நடந்தது, பணம் எப்படிச் செலவானது என்று விளக்க வேண்டும். மிச்சம் இருப்பதைத் திருப்பித் தர முன்வர வேண்டும் என்று தளத்தின் விதிகள் சொல்கின்றன. கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு இங்கிருந்துதான் வருகிறது.

சொன்ன தேதிக்கு வரவில்லை. அதுவே மோசடிக்கு அடையாளமா?

தாமதத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பெபிள் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். 2012-ல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஒரு சிறு குழு 1 லட்சம் டாலர் கேட்டது. 68,929 பேர் சேர்ந்து 1 கோடியே 2 லட்சத்துக்கும் அதிகமான டாலர் கொடுத்தார்கள். சுமார் ஆயிரம் கடிகாரம் செய்யப் போதும் என்று போட்ட திட்டம், ஒரே மாதத்தில் பல்லாயிரம் கடிகாரங்களுக்கான திட்டமாக மாறிவிட்டது. 2012 செப்டம்பரில் வருவதாகச் சொன்ன பொருள் 2013 ஜனவரியில்தான் புறப்பட்டது. அந்த மாதம் நடந்த லாஸ் வேகஸ் மின்னணுக் கண்காட்சியில், வாரத்துக்கு 15,000 கடிகாரம் செய்வதே இலக்கு என்று அறிவித்தார்கள். பொருள் வந்தது, வேலையும் செய்தது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈத்தன் மாலிக் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களில் நான்கில் மூன்று பங்கு தாமதமாகின்றன என்று அவருடைய 2014 ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டு, 47,000-க்கும் மேற்பட்ட ஆதரவாளர்களிடம் விசாரித்து, கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களில் சுமார் 9 சதவீதம் வாக்களித்ததைக் கொடுக்கவே இல்லை என்று கண்டார். இது புத்தகம், இசை, திரைப்படம் எல்லாம் சேர்ந்த கணக்கு. ஆக, தாமதம் பொதுவானது. முழுத் தோல்வி அதைவிட அரிது. தாமதமான பத்துப் பேரில் யார் பெபிள், யார் மற்றவர் என்று பிரித்தறிவதுதான் நம் வேலை.

‘தொழிற்சாலையில் வேலை நடக்கிறது’ என்று படம் போடுகிறார்கள். நம்பலாமா?

எந்தப் படம் என்பதைப் பொறுத்தது. வெள்ளைக் கோட்டு அணிந்த பெண்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் நீண்ட கூடத்தின் படம் எதையும் நிரூபிக்காது. சீனாவின் ஷென்ஷென் நகரத்தில் அப்படிப்பட்ட கூடங்கள் நிறைய உண்டு. விசாரிக்க வரும் எவருக்கும் சுற்றிக் காட்டுவார்கள்.

ஒரு கருவி மேசையிலிருந்து பெட்டிக்குள் வரும் பாதையைத் தெரிந்துகொண்டால், எந்தக் கட்டத்தில் என்ன படம் இருக்க வேண்டும் என்று நமக்கே புரிந்துவிடும். முதல் மாதிரியை 3டி பிரிண்டரில் அடித்த கூட்டுக்குள், சந்தையில் கிடைக்கும் ஆர்டுயினோ போன்ற பலகைகளை வைத்து ஒருவர் தன் வீட்டிலேயே செய்துவிடலாம். விளம்பரக் காணொளிக்கு அது போதும். அதே கூட்டைப் பத்தாயிரம் செய்ய வேண்டுமென்றால் எஃகில் மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, வெட்ட வேண்டும். அம்பத்தூர், கோயம்புத்தூர் டூல் ரூம்களில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால், இதில் எவ்வளவு பாடு இருக்கிறது என்று சொல்வார்கள். ஒரு மோல்டு தயாராகப் பல வாரம் பிடிக்கும். பல லட்ச ரூபாய் ஆகும். வெட்டி முடித்துப் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தி எடுக்கும் முதல் சாம்பிள் அநேகமாகச் சரியாக இருக்காது. ஓரத்தில் பிசிறு நிற்கும், கனமான இடத்தில் குழி விழும், மூடி வளைந்து உடலோடு பொருந்தாமல் இருக்கும். மோல்டைத் திருத்தி இரண்டாவது, மூன்றாவது சாம்பிள் எடுப்பார்கள்.

மின்னணுப் பக்கமும் இதே போலத்தான். வடிவமைப்பு அடிப்படையில் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சில பத்து எண்ணிக்கையில் ஒரு சுற்று. விழுந்தால், நனைந்தால், சூடானால் தாங்குகிறதா என்று பார்க்க அதைவிடக் கூடுதலாக அடுத்த சுற்று. உண்மையான உற்பத்தி வரிசையில், உண்மையான ஆட்களைக் கொண்டு செய்து பார்க்கும் கடைசிச் சுற்று. இ.வி.டி., டி.வி.டி., பி.வி.டி. என்று தொழிற்சாலைக்காரர்கள் இவற்றைச் சொல்வார்கள். வரிசையில் இருந்து இறங்கும் ஒவ்வொரு பலகையையும் சோதிக்கத் தனியாக ஜிக் என்ற ஒரு சோதனைச் சாதனம் செய்ய வேண்டும். லித்தியம் பேட்டரி இருந்தால், யு.என். 38.3 என்ற சோதனை அறிக்கை இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

எனவே, கேட்க வேண்டிய படங்கள் இவை: அந்தப் பொருளின் வடிவம் குடைந்திருக்கும் மோல்டு, அதிலிருந்து வந்த, பிசிறு நிற்கும் முதல் சாம்பிள், அந்தப் பொருளின் பெயர் அச்சான சர்க்யூட் பலகை, சோதனை ஜிக். இவற்றைப் பொய்யாகத் தயாரிப்பது உண்மையாகச் செய்வதற்குச் சமமான வேலை. தொல்லைகளைப் பெயர் சொல்லி எழுதும் அறிக்கையை நான் மதிக்கிறேன். ‘பொத்தானைச் சுற்றி ஒட்டும் பசை ஈரத்தைத் தாங்கவில்லை, வேறு பசை மாற்றுகிறோம், மூன்று வாரம் ஆகும்’ என்று எழுதுபவர் உண்மையில் ஒரு பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். ‘உலகத் தரத்தில் உங்களுக்கு வழங்குவதற்காக இன்னும் மெருகேற்றுகிறோம்’ என்று எழுதுபவரிடம் என்ன இருக்கிறது என்று அந்த வாக்கியத்தில் தெரியவில்லை.

சில தாமதங்களுக்குக் காரணம் வெளியே இருக்கும். சீனப் புத்தாண்டையொட்டி அங்கே தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். ஊருக்குப் போன தொழிலாளர்களில் பலர் திரும்புவதில்லை. 2020-க்குப் பிறகான சிப் பஞ்சத்தில் சில உதிரிகளுக்கு ஓராண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் உண்மைதானா என்று பார்க்க, எந்த உதிரி, யாரிடம் ஆர்டர், எப்போது கொடுத்தது என்று கேட்கலாம்.

உற்பத்தி நடப்பது உறுதியானால் கவலை இல்லைதானே?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்தார்கள். வேல்ஸ் நாட்டின் பெம்புரோக் டாக் ஊரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டார்க்கிங் குரூப் என்ற அந்த ஊர் நிறுவனம் 2014 நவம்பரில் ஸானோ என்ற ட்ரோனைக் கிக்ஸ்டார்ட்டரில் காட்டியது. உள்ளங்கையில் அடங்கும். கைபேசியோடு இணைந்து, நீங்கள் போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்து பறக்கும். எதிரே தடை வந்தால் தானே விலகும். துல்லியமான வீடியோ எடுக்கும். கேட்டது 1 லட்சத்து 25 ஆயிரம் பவுண்டு. 2015 ஜனவரியில் நிதி திரட்டல் முடிந்தபோது 12,000-க்கும் மேற்பட்டோர் 23 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்திருந்தார்கள். அதுவரை ஐரோப்பாவிலிருந்து வந்த கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களில் அதுவே மிகப் பெரியது. 2015 ஜூனில் பொருள் வரும் என்றார்கள்.

ஜூன் போனது. அந்த ஆண்டு நிறுவனத்துக்கு நேரில் போய்ப் பார்த்த பிபிசி செய்தியாளருக்குப் பறக்கவிட்டுக் காட்டினார்கள். விளம்பரப் படத்தில் கண்ட திறமை நேரில் வெளிப்படவில்லை. செப்டம்பரில் சுமார் 600 ட்ரோன்கள் அனுப்பப்பட்டன. பெரும்பாலும் அவை போய்ச் சேர்ந்தது, முதலில் பணம் போட்டவர்களுக்கு அல்ல. பிற்பாடு நிறுவனத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கு. பெற்றவர்கள் அது நிலையாகப் பறக்கவில்லை, வீடியோ மோசம் என்றார்கள். நவம்பரில் ட்ரோனின் முதன்மை வடிவமைப்பாளர் பதவி விலகினார். சில நாட்களில் நிறுவனம் கலைப்பு நடவடிக்கைக்குப் போய்விட்டதாக அறிவிப்பு வந்தது.

அடுத்து நடந்தது அபூர்வமானது. கிக்ஸ்டார்ட்டர் நிறுவனமே மார்க் ஹாரிஸ் என்ற சுதந்திரப் பத்திரிகையாளருக்குப் பணம் கொடுத்து, என்ன நடந்தது என்று விசாரித்து எழுதச் சொன்னது. 2016 ஜனவரியில் அவருடைய நீண்ட அறிக்கை வெளிவந்தது. பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிய கும்பல் என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. நடத்தியவர்கள் அந்தப் பணத்தில் செல்வந்தர்களாகவில்லை. பெரும் எண்ணிக்கையில் உதிரிகள் உண்மையாகவே வாங்கப்பட்டிருந்தன. ட்ரோன்கள் உண்மையாகவே கோக்கப்பட்டன. சொன்னதைச் செய்து முடிக்கும் தொழில்நுட்பத் திறனும் வணிகத் திறனும் அந்தக் குழுவிடம் இல்லை என்பதே அவருடைய முடிவு.

ஸானோ தயாராகிறதா என்று அப்போது ஒருவர் கேட்டிருந்தால், ‘ஆம்’ என்பதே உண்மையான பதில். மோல்டு இருந்தது, பலகை இருந்தது, பெட்டி இருந்தது. பெட்டிக்குள் இருந்த ட்ரோனுக்குப் பின்தொடரவும் விலகவும் தெரியவில்லை. உதிரிகளை மொத்தமாக வாங்கிக் குவித்த பிறகு வடிவமைப்பில் குறை கண்டால், திருத்தப் பணமும் இருக்காது, உதிரிகளைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே தொழிற்சாலைப் படத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: உற்பத்திக்குப் போகும் அதே வடிவம், வாக்களித்த வேலையை, வெட்டி ஒட்டாத ஒரே காணொளியில் செய்து காட்டுகிறதா?

காணொளியில்தான் செய்து காட்டுகிறார்களே?

ஸ்கார்ப் என்ற லேசர் சவரக் கருவி 2015-ல் கிக்ஸ்டார்ட்டரில் 40 லட்சம் டாலருக்கு மேல் வாக்குறுதி பெற்றது. பளபளக்கும் கைப்பிடியின் படங்களைப் பார்த்து மக்கள் மயங்கினார்கள். வேலை செய்யும் மாதிரி எங்கே என்று கேட்டவர்களுக்கு, ஓரிரு மயிரை மெதுவாக அறுக்கும் ஒரு காணொளி கிடைத்தது. வேலை செய்யும் மாதிரி வேண்டும் என்ற விதியைக் காட்டி, பணம் வசூலாகும் முன்பே கிக்ஸ்டார்ட்டர் அக்டோபரில் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. உடனே அவர்கள் இண்டிகோகோவுக்குப் போய் அங்கே திரட்டத் தொடங்கினார்கள்.

லில்லி ட்ரோன் வேறு வகை. கூட்டு நிதித் தளத்துக்குப் போகாமல் தன் இணையதளத்திலேயே முன்பதிவு வாங்கிய அமெரிக்க நிறுவனம் அது. 3 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்தது. 2017 ஜனவரியில் கடையை மூடியது. அதே நேரத்தில் சான்ஃபிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர்ந்தார்: லில்லி எடுத்ததாகக் காட்டிய விளம்பரக் காட்சிகளை எடுத்தது வேறு நிறுவனத்தின் விலையுயர்ந்த ட்ரோன் என்பது குற்றச்சாட்டு.

சில சமயம் காணொளியைப் பார்க்கவே தேவையில்லை; பள்ளிக்கூட அறிவியல் போதும். 2016-ல் ட்ரைட்டன் என்ற ‘செயற்கைச் செவுள்’ இண்டிகோகோவில் வந்தது. வாயில் கடித்துக்கொண்டால், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும், 45 நிமிடம் மூழ்கியிருக்கலாம் என்றார்கள். சும்மா இருக்கும் மனிதருக்கே நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் கடல் நீரில் கரைந்திருப்பது ஏழெட்டு மில்லிகிராம்தான். கணக்குப் போட்டால், ஒரு துளியும் வீணாகாமல் பிரித்தாலும் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் தண்ணீரை அந்தக் கையடக்கக் குழாய் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். இந்தக் கணக்கைப் பலர் எழுப்பிய பிறகு, உள்ளே திரவ ஆக்சிஜன் குப்பி இருக்கும் என்று சொல்லி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி திரட்டலைத் தொடங்கினார்கள். பேட்டரி அளவு, எடை, ஓடும் நேரம் என்று எண் கொடுக்கும் எந்தக் கருவிக்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் பிளஸ் டூ இயற்பியல் மாணவர்கள் இதை நன்றாகவே செய்வார்கள்.

சிலருக்குப் பொருள் வந்துவிட்டது. எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

பணம் தீர்ந்திருக்கலாம். கூலஸ்ட் கூலர் என்ற ஐஸ் பெட்டியின் கதை இதுதான். மிக்ஸி, ஸ்பீக்கர், கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி எல்லாம் பொருத்திய பெட்டி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்டில் இருந்து 2013 இறுதியில் முதல் முறை கிக்ஸ்டார்ட்டருக்கு வந்து, இலக்கை எட்டாமல் தோற்றது. 2014 கோடையில் மறுபடி வந்தபோது 62,642 பேர் 1 கோடியே 32 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். அதுவரை கிக்ஸ்டார்ட்டரில் அதிகம் திரட்டியிருந்த பெபிளின் சாதனை முறிந்தது.

2015 பிப்ரவரியில் தருவதாகச் சொன்னது, அந்த ஆண்டு நடுவில் சிலருக்குப் போகத் தொடங்கியது. மிக்ஸி மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் என்றார்கள். பிறகு உண்மையான காரணம் வெளியே வந்தது. ஆளுக்கு 185 டாலர் அளவில் வாங்கிய பெட்டியைச் செய்து அனுப்ப அதைவிட அதிகம் ஆனது. அனுப்ப அனுப்ப நஷ்டம். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட, முதலில் பணம் போட்டவர்கள் காத்திருக்கையிலேயே அமேசானில் அதிக விலைக்கு அதே பெட்டியை விற்றார்கள். 2016-ல், இன்னும் 97 டாலர் கொடுத்தால் சீக்கிரம் அனுப்புகிறோம் என்று காத்திருந்தவர்களிடமே கேட்டார்கள். ஓரிகன் மாநில நீதித்துறை தலையிட்டு 2017-ல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 2019 டிசம்பரில் சீனப் பொருட்கள் மீதான அமெரிக்க இறக்குமதி வரியைக் காரணம் காட்டி நிறுவனம் மூடப்பட்டபோது, சுமார் 20,000 பேருக்குப் பெட்டி போகவே இல்லை. உடன்பாட்டின்படி அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது 20 டாலர்.

இந்தப் பெட்டி போலி அல்ல, வேலையும் செய்தது. விலையைத் தப்பாகப் போட்டார்கள். பணம் கட்டுமுன், இதே போன்ற பொருள் கடையில் என்ன விலைக்கு விற்கிறது என்று பாருங்கள். பெரிய நிறுவனம் லட்சக்கணக்கில் செய்து விற்கும் விலையைவிட, முதல்முறையாகச் செய்யும் சிறு குழு மலிவாகக் கொடுக்கிறேன் என்றால், மிச்சப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டே ஆக வேண்டும். 62,000 பேர் பணம் போட்டதை நம்பிக்கைக்குச் சான்றாகக் கொள்ளவும் கூடாது. ஒரு பெட்டிக்கு நஷ்டம் என்றால், ஆட்கள் கூடக்கூட நஷ்டமும் கூடும்.

அரசுப் பதிவுகளில் ஏதாவது தெரியுமா?

தெரியும், இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. புளூடூத், வைஃபை போன்ற ரேடியோ உள்ள கருவியை அமெரிக்காவில் விற்க, அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையத்தின் சான்றிதழ் வேண்டும். எஃப்.சி.சி. எண் என்று அதைச் சொல்வார்கள். அந்த எண்ணை வைத்து ஆணையத்தின் தளத்தில் யாரும் தேடலாம். சோதனை அறிக்கை இருக்கும். பல சமயம் கருவியைப் பிரித்து எடுத்த உள்புறப் படங்களே இருக்கும். விற்பனைக்கு முன் படங்களைச் சில மாதம் மறைத்துவைக்க அனுமதி உண்டு என்பதால், படம் இல்லை என்றதும் பதற வேண்டாம். இன்னொரு நுணுக்கம்: ஏற்கெனவே சான்று பெற்ற புளூடூத் மாட்யூலை வாங்கிப் பொருத்தியிருந்தால், காட்டப்படும் எண் அந்த மாட்யூலுக்குச் சொந்தமானது. அது கருவி தயார் என்பதற்குச் சான்றாகாது. எண்ணைத் தேடி, யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவில் விற்கப்படும் பவர் பேங்க், ஸ்மார்ட் வாட்ச் உள்ளிட்ட பல மின்னணுப் பொருட்களுக்கு பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. பொருளின் மீதுள்ள ‘ஆர்’ என்று தொடங்கும் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால், பதிவு உண்மையா என்று தெரிந்துவிடும். 2016 பிப்ரவரியில் நொய்டாவின் ரிங்கிங் பெல்ஸ் நிறுவனம் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று அறிவித்து, நாடே முன்பதிவுக்கு முண்டியடித்தது நினைவிருக்கும். கூட்டு நிதி அல்ல என்றாலும் கேள்வி அதேதான். அறிமுக விழாவில் கொடுத்த போனில் ஆட்காம் என்ற வேறு நிறுவனத்தின் பெயரை ஒயிட்னரால் மறைத்திருந்ததைச் செய்தியாளர்கள் சுரண்டிக் கண்டுபிடித்தார்கள். பிஐஎஸ் பதிவு எங்கே என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. ஒரு தொழிற்சாலைப் படத்தைவிட அந்த இரண்டும் அதிகம் சொல்லின.

மோசடி என்றால் தளமோ அரசோ பார்த்துக்கொள்ளாதா?

தளம் நடுவராக வராது. வழக்குகள் நடந்திருக்கின்றன, ஆனால் குறைவு. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2015-ல்தான் கூட்டு நிதி தொடர்பான தன் முதல் நடவடிக்கையை எடுத்தது. அது ஒரு பலகை விளையாட்டுக்காக 1 லட்சத்து 22 ஆயிரம் டாலர் திரட்டியவர் மீது. வேலை நடக்கிறது என்று மாதக்கணக்கில் எழுதிக்கொண்டே, பணத்தை வாடகைக்கும் சொந்தச் செலவுக்கும் பயன்படுத்தினார் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. சுமார் 1 லட்சத்து 11 ஆயிரம் டாலர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அவரிடம் பணம் இல்லாததால் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2019-ல் ஐபேக்பேக் என்ற மின்சார முதுகுப்பை ஒன்றுக்காக 8 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியவர் மீது இதே ஆணையம் வழக்குப் போட்டது. வழக்கு நடந்தாலும் பணம் கைக்கு வந்து சேர்வது கடினம். அதனால்தான், முன்கூட்டியே கேட்கச் சொல்கிறேன்.

ஏற்கெனவே பணம் கட்டிக் காத்திருக்கிறேன். இப்போது என்ன செய்வது?

நாகரிகமாக, ஆனால் பொதுவில், எழுத்தில் கேளுங்கள். மோல்டு வெட்டியாகிவிட்டதா, முதல் சாம்பிளின் படம் உண்டா? இறுதி வடிவம் சொன்ன வேலையைச் செய்யும் தடையற்ற காணொளி உண்டா? எந்தத் தொழிற்சாலை, எந்த ஊர்? எஃப்.சி.சி. எண் என்ன? பேட்டரியின் சோதனை அறிக்கை வந்துவிட்டதா? ஒரு கருவிக்கு இப்போது ஆகும் செலவு எவ்வளவு, கையில் மிச்சம் எவ்வளவு? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் மழுப்புவார்கள். அதைத்தான் அதிகம் வலியுறுத்த வேண்டும்.

பதில்களைத் தேதியோடு சேமித்து வையுங்கள். சென்ற முறை ‘மோல்டு முடிந்தது’ என்று எழுதியவர் இந்த முறை ‘கூட்டின் வடிவத்தை மாற்றுகிறோம்’ என்றால், மோல்டு மறுபடி வெட்டப்படுகிறது அல்லது முன்பு வெட்டப்படவே இல்லை. எது என்று கேளுங்கள். மற்ற ஆதரவாளர்களோடு தொடர்பில் இருங்கள். ஒரே கேள்வியை நூறு பேர் கேட்டால் ஒதுக்குவது கடினம். பொருள் கையில் கிடைத்ததாகச் சொல்பவரிடம், தன் வீட்டில் எடுத்த படத்தைக் கேட்பதில் தப்பில்லை.

கார்டில் பணம் கட்டியிருந்தால், வங்கியில் புகார் கொடுத்துத் தொகையைத் திரும்பப் பெற முயலலாம். இதற்குக் கால வரம்பு உண்டு. வங்கிக்கு வங்கி மாறும். ‘அடுத்த மாதம்’ என்ற சொல்லை நம்பி ஓராண்டு காத்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். எனவே வாக்களித்த தேதி தாண்டியதுமே வங்கியை அழைத்து, கடைசித் தேதி எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கலைப்புக்குப் போய்விட்டால், கலைப்பு அதிகாரியிடம் உங்கள் பெயரைக் கடன் கொடுத்தவராகப் பதிய முடியுமா என்று எழுதிக் கேட்க வேண்டும். அங்கேயும் வங்கிகளுக்கும் அடமானம் வைத்திருப்போருக்கும் பிறகுதான் உங்கள் முறை வரும்.

பணம் திரும்பி வந்ததும் உண்டு. 2016-ல் பெபிள் நிறுவனத்தின் சொத்துகளை ஃபிட்பிட் வாங்கியபோது, வெளிவராமல் நின்றுபோன புதிய கடிகாரத்துக்குப் பணம் கட்டியிருந்தவர்களுக்கு அந்தத் தொகை திருப்பித் தரப்பட்டது. பொருள் தயாரிக்க முடியாது என்று தெரிந்தபோது, அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கொடுத்தார்கள்.